சைப்ரஸ் ஸ்டாலில் மூன்று நாள்

போன வாரம் ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. பால் காய்ந்து லேசாகத் தீய்ந்தால் வருமே, அதோடு உப்பும் புதினாவும் கலந்தது மாதிரி. திரும்பிப் பார்த்தால், பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சின்னத் தவாவில் ஹலூமி வாட்டி, பல்குத்தும் குச்சியில் குத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். என் மனைவி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எதுக்குச் சிரிக்கிறீங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்றாள். சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். வீட்டுக்கு வந்தும் அவள் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஹலூமி என்பது சைப்ரஸ் தீவின் பாலாடைக்கட்டி. மற்றவை எல்லாம் சூட்டில் உருகி ஓடும். இது உருகாது. இரண்டு பக்கமும் தோசை மாதிரிச் சிவந்து, வாயில் போட்டால் பல்லுக்கிடையில் கீச் கீச் என்று சத்தம் போடும். முதல்முறை தின்றபோது என் பல்தான் ஆடுகிறதோ என்று பயந்துபோனேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியின் கோடவுனில் அது அடுக்கடுக்காக இருந்தது. சைப்ரஸிலிருந்து ஹலூமி, உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, கரோப் என்கிற ஒரு மரத்துக் காயிலிருந்து எடுக்கும் கறுப்புப் பாகு எல்லாம் கண்டெய்னரில் வரும். இடப்பக்கம் டயர் கடை, வலப்பக்கம் வெல்டிங் கடை. ரப்பர் தீயும் நாற்றத்துக்கும் வெல்டிங் புகைக்கும் நடுவில் எங்கள் கதவைத் திறந்தால் ஆரஞ்சு மணக்கும். கோடை மதியத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு எங்கள் குளிர் அறைப் பக்கம் வந்து நிற்பார்கள்.

கம்பெனி காயல்பட்டினத்துக்காரர் ஒருவருடையது. அவர் ஊர் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று பொருள். வந்த புதிதில், முதலாளியைப் போய்க் காக்கா என்று கூப்பிடுவதா என்று நான் நாலு நாள் பெயரே சொல்லாமல் இருமி இருமிக் கூப்பிட்டேன். ஐந்தாம் நாள் அவரே, "தம்பிக்கு நெஞ்சில சளியா? டாக்டர்ட்ட போங்கோ" என்று லீவு கொடுத்துவிட்டார்.

அங்கே எனக்கு டாக்குமெண்ட் கிளார்க் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் முருகேசண்ணன், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். பெட்டி, லேபிள், லாரி முதுகு எதையும் விடமாட்டார். சைப்ரஸ் கிழங்கு மூட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு கிழங்கிலும் செம்மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் அதைக் கழுவாமல்தான் அனுப்புவார்கள், அதுதான் தரத்துக்கு அடையாளமாம். முருகேசண்ணன் அதை விரலால் தேய்த்து, "ஆலங்குடி மண்ணுதான் தம்பி இது. எவனோ நம்ம ஊருலேர்ந்து அள்ளிக்கிட்டுப் போயிருக்கான்" என்பார்.

ஒரு வருடம் துபாயில் உணவுப் பொருட்காட்சியில் சைப்ரஸுக்கு ஒரு ஸ்டால் எடுத்திருந்தார்கள். பேசவும் விளக்கவும் அந்தத் தீவிலிருந்து ஆந்திரேயாஸ் என்பவர் வருவதாக ஏற்பாடு. சரக்கு அனுப்புகிறவர்களின் பிரதிநிதி அவர். கூட நின்று பெட்டி தூக்குவது மட்டும்தான் எங்கள் வேலை. பொருட்காட்சி முடிந்ததும் ஏஜென்சியை எங்களுக்கே நீட்டிப்பதா, துபாயில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த வேறொரு பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஏஜென்சி போனால் கோடவுனுக்குப் பூட்டு. எங்கள் பதினான்கு பேருக்கும் விசா கேன்சல்.

காட்சிக்கு நாலு நாள் முன்னால் காக்காவுக்கு போன் வந்தது. ஆந்திரேயாஸ் ஏதோ வேலையாக ஜெர்மனி போன இடத்தில் பனி கொட்டி, விமான நிலையத்தையே மூடிவிட்டார்களாம். எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது, நீங்களே சமாளியுங்கள் என்று சொல்லிவிட்டார். கூடவே எனக்கு மெயிலில் ஒரு புத்தகம் வந்தது. சைப்ரஸின் நிலம், வரலாறு, பொருளாதாரம், நாற்பது பக்கம்.

காக்கா எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். கணக்குப்பிள்ளைக்கு ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிரைவர்கள் ரோட்டில் இருந்தார்கள். கடைசியில் அவர் விரல் என்னிடமும் முருகேசண்ணனிடமும் வந்து நின்றது.

"காக்கா, எனக்கு இங்கிலீசு லேபிள்ல இருக்கிறதுதான் தெரியும்" என்றார் முருகேசண்ணன்.

"ஒங்க மொகத்தப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வரும் முருகேசு. வியாபாரத்துக்கு அது போதும். ஒண்ணே ஒண்ணு, பொய் மட்டும் சொல்லப்படாது. தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை லீவு. கேம்ப்பில் எங்கள் ரூமில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, முருகேசண்ணன் கரண்டியோடு நின்று மனப்பாடம் செய்தார். மத்தியதரைக் கடலில் மூன்றாவது பெரிய தீவு. நடுவில் ட்ரோடோஸ் என்ற மலை, வடக்கே ஒல்லியாக இன்னொரு மலை, இரண்டுக்கும் இடையில் சமவெளி. குளிர்காலத்தில் காலையில் மலையில் பனி பார்த்துவிட்டு மதியம் கடலில் கால் நனைக்கலாம். பூர்வத்தில் செம்பு அங்கேதான் வெட்டியெடுத்தார்கள், செம்புக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயரே இந்தத் தீவின் பெயரிலிருந்து வந்தது. "அப்ப நம்ம வீட்டுச் செம்பு?" என்றார். அது வேறு என்றேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

வரலாறு வந்தபோதுதான் தகராறு. அந்தத் தீவை ஆளாதவர்களைக் கணக்கெடுப்பது சுலபம். கிரேக்கர், பினீசியர், அசீரியர், எகிப்தியர், பாரசீகர், ரோமானியர், பைசாண்டியர், சிலுவைப் போருக்குப் போகிற வழியில் பிடித்த ஓர் இங்கிலாந்து ராஜா, அவரிடமிருந்து வாங்கிய சாமியார்ப் படைவீரர்கள், பிரெஞ்சுப் பிரபுக்கள், வெனிஸ்காரர்கள், துருக்கியர், பிரிட்டிஷ்காரர்கள். பிறகு விடுதலை, அப்புறம் சண்டை. தீவு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஐ.நா. படை கோடு போட்டு நிற்கிறது.

முருகேசண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "இவ்வளவு பேரு வந்துட்டுப் போயிருக்கானா? நம்ம ரூம் மாதிரியில்ல இருக்கு. ஒருத்தன் கட்டிலக் காலி பண்ணுறதுக்குள்ள அடுத்தவன் பொட்டியோட வாசல்ல நிக்கிறான்."

மனப்பாடத்துக்கு அதையே வழியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் ரூமில் இரண்டடுக்குக் கட்டில்கள் ஆறு. கதவோரத்துக் கீழ்க் கட்டில் கிரேக்கர், அதன் மேல் பினீசியர், ஜன்னலோரம் மேல் கட்டில் வெனிஸ், கீழே துருக்கி. பன்னிரண்டு இடம் நிறைந்து மிஞ்சிய பிரிட்டிஷ்காரருக்குத் தரையில் பாய் போட்டோம். சாயங்காலத்துக்குள் ரூமில் எல்லோருக்கும் பட்டம் வந்துவிட்டது. "யோவ் அசீரியா, லைட்ட அமத்து" என்று சத்தம் கேட்கும். சிவகாசிக்காரர் ஒருவர் பைசாண்டியம் என்ற பெயர் பிடிக்காமல் ரோமுக்கு மாற்றிக் கேட்டு சண்டை போட்டார்.

காட்சி நாள் வந்தது. முருகேசண்ணன் போட்டிருந்தது காக்காவின் கல்யாணக் கோட்டு. கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றது. தலைக்கு மேல் ஆள் உயர எழுத்தில் CYPRUS, பின்னால் நீலக்கடல் படம். அதற்கு முன்னால் ஆலங்குடிக்காரர். முதல் ஆள், ஒரு லெபனான்காரர், அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் சைப்ரஸா?" என்றார்.

"நோ சார். பொட்டேட்டோ சைப்ரஸ். ஐ ஆம் புதுக்கோட்டை."

அந்த மனிதர் சிரித்ததில் பக்கத்து ஸ்டாலில் இருந்த நியூசிலாந்துக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் சிரிப்பு மட்டும் ஆர்டர் ஆகிவிடாதே. புத்தகத்தில் ஹலூமியைத் தர்பூசணியோடு கொடுக்கச் சொல்லியிருந்தது. அப்படித்தான் அந்த ஊரில் தின்பார்களாம். கொடுத்தோம். மரியாதைக்குத் தின்று மரியாதையாகப் போய்விட்டார்கள். மத்தியானம் வரை எங்கள் தட்டு அப்படியே இருந்தது. எதிரே அந்தக் கண்ணாடிக் கட்டடக் கம்பெனியின் மேனேஜர் இரண்டு முறை வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். முருகேசண்ணன் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். இட்லிப்பொடி டப்பாவை எடுத்தார். சுடச்சுட வாட்டிய ஹலூமியை நல்லெண்ணெயில் தொட்டு, பொடியில் புரட்டி, வாயில் போட்டு, கண்ணை மூடினார்.

"தம்பி, இது தப்பா?"

"புத்தகத்துல இல்லண்ணே."

"புத்தகம் எழுதுனவன் ஆலங்குடி வந்ததில்ல."

மூன்று மணிக்கு எங்கள் முன் வரிசை நின்றது. ஓமன்காரர்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள், ஹோட்டல் சமையல்காரர்கள், ஒரு பாகிஸ்தானி குடும்பம். வந்தவர்களுக்கெல்லாம் ஹிந்தி, அரபி, இங்கிலீஷ், புதுக்கோட்டைத் தமிழ் நாலையும் கலக்கி முருகேசண்ணன் தீவைப் பற்றிச் சொன்னார். "பாய், ஸ்னோ பீ ஹை, ஸீ பீ ஹை, ஸேம் டே. யல்லா, ஈட்." இட்லிப்பொடி தீர்ந்து, காக்காவே வண்டி எடுத்துக்கொண்டு ஷார்ஜா போய் கேம்ப்பில் இருந்த டப்பாக்களை எல்லாம் வாங்கி வந்தார். எல்லா டப்பாவிலும் வேறு வேறு வீட்டுப் பொடி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ருசி.

இரண்டாம் நாள் காலை, ஐம்பது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து நின்றார். குட்டை முடி, பெரிய கைப்பை. முருகேசண்ணன் கண்ணை மூடி விரல் மடக்கி ராஜாக்களைச் சொல்லிக்கொண்டிருந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு இங்கிலீஷில், "வெனிஸும் பிரான்ஸும் இடம் மாறிவிட்டது" என்றார்.

முருகேசண்ணன் என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னேன். "அய்யய்யோ, ஜன்னல் கட்டிலும் பாத்ரூம் கட்டிலும் மாறிடுச்சு" என்றார். அந்த அம்மாவுக்குக் கட்டில் கதையை விளக்க வேண்டியதாயிற்று. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெயர் மாருலா, கணவர் துபாயில் கப்பல் கம்பெனியில் இன்ஜினியர் என்றார். சொந்த ஊர் சைப்ரஸின் கிழக்குக் கரையில் ஃபமகுஸ்தா. தீவு பிரிந்த சமயத்தில் அந்த நகரத்தின் கடற்கரைப் பகுதியைக் கம்பி போட்டு மூடிவிட்டார்கள். வீடுகள், ஹோட்டல்கள் எல்லாம் ஆளில்லாமல் அப்படியே நிற்கின்றன. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது.

"எனக்கு அப்போ பதினாறு வயசு. பால்கனிக் கொடியில் என் நீச்சலுடையைக் காயப் போட்டிருந்தேன். ரெண்டு நாளில் வந்துடலாம்னு கிளம்பினோம். அது காய்ஞ்சுதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மொழிபெயர்க்க எனக்குத்தான் கொஞ்சம் தடுமாறியது.

முருகேசண்ணன் கேட்டுவிட்டு, படத்துக்குக் கீழே அழகுக்காகக் குவித்திருந்த கிழங்கில் நல்ல செம்மண் ஒட்டியதாக ஒன்றைத் தேடி எடுத்தார். "தம்பி, அந்தம்மாகிட்ட கேளு. இந்த மண்ணு அவங்க ஊருப் பக்கந்தான? மூட்டையில அந்த ஊருப் பேருதான் போட்டிருக்கு."

ஆமாம், ஃபமகுஸ்தாவுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்திலேயே இருக்கின்றன அந்தச் செம்மண் கிராமங்கள். மாருலா கிழங்கை வாங்கி மோந்து பார்த்தார். கட்டை விரலில் சிவப்பாக ஒட்டிய மண்ணைத் துடைக்கவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தவாவை என்னிடம் கொடு. நீ கருக்குகிறாய்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டாலுக்குச் சொந்தமாக ஒரு சைப்ரஸ்காரி இருந்தார். நாட்டாமையும் அவரே. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். இட்லிப்பொடி ஹலூமியை முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு தின்றார். "எங்கம்மா பார்த்திருந்தால் உன்னைத் துடைப்பத்தால் அடித்திருப்பாள். இன்னும் ஒன்று கொடு" என்றார். மறுநாளும் வந்தார், தலைக்குப் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு.

மூன்றாம் நாள் மதியம் வரிசை இரண்டு ஸ்டால் தாண்டி வளைந்திருந்தது. அதில் முழங்கால் வரை பனி பூட்ஸ் போட்ட, இரண்டு நாள் தாடியோடு ஓர் ஆள் நின்றார். துபாயில் பனி பூட்ஸ். முறை வந்ததும் தின்றார். "இந்தத் தீவை விற்றவர் யார், வாங்கியவர் யார்?" என்று கேட்டார்.

முருகேசண்ணன் அசரவில்லை. "சார், இங்கிலீஷ் கிங் டேக். ஸோல்ட் டு சாமியார் சோல்ஜர். சோல்ஜர் ரிட்டன். கிங் அகெய்ன் ஸோல்ட், ஃப்ரெஞ்ச் மேன். ஒன் இயர், டூ டிரான்ஸ்ஃபர். வெரி பேட் ரூம், சார்."

"சரி. அந்தத் தீவில் விளைவதில் எது உயர்ந்தது? ஹலூமியா, கிழங்கா, ஆரஞ்சா?"

முருகேசண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். தவாவோடு நின்ற மாருலாவைக் காட்டினார். "திஸ் மேடம்."

பூட்ஸ்காரர் மாருலாவிடம் கிரேக்க மொழியில் ஏதோ கேட்டார். மாருலா பதில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தவாவில் ஹலூமி கருகியது, மாருலா கவனிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் பின்னால் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த காக்கா ஓடி வந்தார். "தம்பி, இவருதான் ஆந்திரேயாசு." அவருடைய துணிப்பெட்டி வழியில் எங்கோ மாட்டிக்கொள்ள, பூட்ஸோடு விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். பிறந்தது அந்தச் செம்மண் கிராமங்களில் ஒன்றில். அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மாருலாவின் மூடிய நகரம் தெரியுமாம்.

காக்கா இட்லிப்பொடிக்கு மன்னிப்புக் கேட்டார். ஆந்திரேயாஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அந்தப் பொடி எந்தத் தீவில் கிடைக்கும்?" என்றார். எதிரே இருந்த மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டே திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஏஜென்சி எங்களிடமே நின்றது. அடுத்த கிழங்கு அறுவடைக்கு முருகேசண்ணனை ஒரு வாரம் விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். எப்படியோ விசாவும் கிடைத்தது. திரும்பி வந்தவர் முதலில் சொன்னது, "தம்பி, அங்க நம்ம ஊரு மாதிரி இடது பக்கந்தான் வண்டி போவுது. வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பழக்கமாம். ஃபோர்க்லிஃப்ட் குடுத்தாங்க, கை அதுவா திரும்புச்சு." தலைநகரின் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார். வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வவுனியாப் பெண்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்களாம். "எங்க போனாலும் நம்மாளுக்கு டூட்டிதான் தம்பி" என்றார். அங்கே உள்ள உப்பு ஏரியில் ஃபிளமிங்கோ பறவைகளைத் தேடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவை குளிர் முடிந்ததும் கிளம்பிவிடும் என்று புத்தகத்தில் எழுதியிருந்ததை நான்தான் விட்டுவிட்டேன்.

ஆந்திரேயாஸ் வீட்டு மொட்டை மாடிக்கும் ஏறியிருக்கிறார். என் முன்னாலேயே மாருலாவுக்கு போன் போட்டார். அதற்குள் அவர்களுக்குள் ஒரு பாஷை உருவாகியிருந்தது.

"மேடம், ஐ சீ. மெனி மெனி பால்கனி. விச் பால்கனி, ஐ டோன்ட் நோ. ஆல் பால்கனி ஐ லுக். ஒன் பை ஒன்."

மறுமுனையிலிருந்து, "அப்படியானால் என்னுடையதையும் பார்த்திருக்கிறாய்" என்றார் மாருலா. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

இப்போது யாரும் இங்கே இல்லை. காக்காவுக்கு முட்டி வலி வந்து, சில வருடங்களில் கம்பெனியை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கோடவுன் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். உள்ளே போனால் பிளாஸ்டிக் வாசனைதான். முருகேசண்ணன் ஆலங்குடியில் ஜேசிபி ஓட்டுகிறார். மாருலா மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டதாகக் கேள்வி, எண் மாறிவிட்டது. பொருட்காட்சியில் இப்போதெல்லாம் காதில் மைக் மாட்டிய பெண்கள் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்கள். தப்பே வராது.

எனக்கு நினைவில் நிற்பது மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பியதுதான். டபுள் கேபின் பிக்அப். காக்கா ஓட்டினார். பக்கத்தில் ஆந்திரேயாஸ், உட்கார்ந்தபடியே தூக்கம். பின்னால் நாங்கள் மூன்று பேர். மாருலா, காரை அனுப்பிவிட்டு எங்களோடுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து ஏறிக்கொண்டார். ஷார்ஜா எல்லையில் வழக்கமான டிராஃபிக், வண்டி ஊர்ந்தது. திடீரென்று ஆந்திரேயாஸ் தூக்கத்தில் கிரேக்க மொழியில் அதட்டலாக ஏதோ சொன்னார். காக்கா பதறிப்போய், "என்ன சொல்லுறாரு, ஏஜென்சியப் பத்தியா?" என்றார்.

மாருலா முகத்தை நேராக வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். "கதவைச் சாத்துங்க, ஆடு உள்ளே வருதுன்னு சொல்றார்."

முதலில் முருகேசண்ணன் சிரித்தார். பிறகு நான். காக்கா ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். சிரிப்புச் சத்தத்தில் ஆந்திரேயாஸ் விழித்து, எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார். காக்காவுக்குக் கண்ணில் நீர் வந்து ரோடு தெரியவில்லை. வண்டியை ஓரமாக மணலில் இறக்கி நிறுத்தினார். ஐந்து பேரும் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

இப்போதும் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ரோட்டை அகலமாக்கி இரண்டு பக்கமும் சுவர் வைத்துவிட்டார்கள். வண்டியை ஓரங்கட்ட அங்கே இடமில்லை.